நூற்று முப்பத்திரண்டு பொட்டுகள்

1984 ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணி வாக்கில், ஓர் அளவுமானியின் ஊசி போகக் கூடாத பக்கம் போனது. அன்றைய நாட்குறிப்பில் நேரத்தை எழுதி, அருகே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். வேறு எதுவும் எழுதக் கை வரவில்லை.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. பிறந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். உருட்டும் எந்திரங்களும் உலர்த்தும் எந்திரங்களும் பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

என் ஆராய்ச்சி மைக்ரோவேவ் அலைகளைப் பற்றியது. அந்தச் சொல் எங்கள் லயத்துக்குப் புதிதல்ல. பிரிஞ்சாங் மலையுச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் நின்றது. மேகம் விலகினால்தான் கண்ணுக்குத் தெரியும். கொழுந்துக்குப் போகும் பெண்கள் விடியலில் அண்ணாந்து பார்த்து, "மைக்ரோவேவு தெரியுது, இன்னிக்கு ரெயின்கோட்டு வேணாம்" என்பார்கள். அலைகளைப் பற்றி நான் கேட்ட முதல் செய்தி அதுதான்.

என் வேலை பீங்கான் வில்லைகளோடு. டைட்டானியம் ஆக்சைடு தூளை அச்சில் அழுத்தி, ஈப்போவுக்கு அருகில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் சூளையில் சுட்டு எடுத்த வில்லைகள். வெளிர்மஞ்சள் நிறம். ஐந்து காசு நாணயத்தைவிடச் சற்றுச் சிறியவை, ஆனால் தடிமன் அதிகம். அப்படி ஒரு வில்லையின் மேல் மைக்ரோவேவ் அலை பட்டால், அலை உள்ளே போய் வேகம் குறைந்து, சுற்றிச் சுற்றி வரும். ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் வில்லை முழுவதும் மணி அடித்தாற்போல் அதிரும். ஒரு வில்லையின் கதை இவ்வளவுதான். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நான் பார்க்க விரும்பியது வேறு. இத்தகைய வில்லைகளை, அலையின் நீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில், வரிசை வரிசையாக அடுக்கினால் என்ன ஆகும்? நான் பயன்படுத்திய அலை கிட்டத்தட்ட ஒரு சாண் கொண்டது. அதைவிடக் கொஞ்சம் குட்டை. வில்லைகளுக்கு இடையே இரண்டு விரல்கடை. அலைக்கு அந்த இடைவெளிகள் தெரியாது. வில்லை வில்லையாக அது பார்ப்பதில்லை. மொத்தத்தையும் ஒரே பொருளாகத்தான் உணரும். அந்தப் பொருளுக்கு வாய்க்கும் குணம் பீங்கானிலும் இல்லை, இடையில் உள்ள காற்றிலும் இல்லை. அடுக்கில்தான் இருக்கிறது. இதற்கு இன்று மெட்டாமெட்டீரியல் என்று பெரிய பெயர் இருக்கிறது. அன்று அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது.

அலை ஒரு பொருளைக் கடக்கும்போது சற்றுப் பின்தங்கும். இன்னோர் அடுக்கு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஊசி வலப்பக்கம் நகர வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை, வில்லைகள் அதிரும் அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே, மிகக் குறுகிய ஓர் இடத்தில், அடுக்குகள் கூடக் கூட ஊசி இடப்பக்கம் நகர்ந்தது. மூன்று தடவை செய்தேன். நான்காம் தடவை அடுக்கை எடுக்கும்போது வில்லைகள் சில உடைந்துவிட்டன.

என் மேற்பார்வையாளர் நிதானமானவர், நல்லவர். நான் எழுதிக்கொண்டு போனதை இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். கேபிள் வளைந்திருக்கும் என்றார். வில்லைகள் அறுபத்தொன்றும் ஒன்றுக்கொன்று அளவு மாறியவை, சில விளிம்பு உடைந்தவை. அவற்றை வைத்து எதையும் நம்ப முடியாது என்றார். ஒரே அளவில் நூற்று நாற்பத்து நான்கு வில்லைகள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அவற்றில் மறுபடியும் இதே நடந்தால் தானே துறையின் ஆராய்ச்சிக் குழுவின் முன் நின்று பேசுவதாகச் சொன்னார். குழு கூடும் நாள் அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை. என் ஆராய்ச்சி மாணவர் பதிவு ஏற்கெனவே இருமுறை நீட்டிக்கப்பட்டிருந்தது. அன்றைக்குள் மறு அளவீடு இல்லையென்றால் பதிவு ரத்து. நான் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் சலிக்காமல் இன்னொரு முறை சொன்னார்.

பதிவு ரத்தானால் பட்டம் இல்லை என்பது ஒரு பக்கம். லயத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் வெறுங்கையோடு திரும்புவான் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும்விட என்னை வாட்டியது மூன்றாவது ஒன்று. ஊசி இடப்பக்கம் போனதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் வெளியே வந்துவிட்டால் அது வளைந்த கேபிளாகவே முடிந்துபோகும்.

புது வில்லைகள், உடைந்தால் மாற்ற மூன்று கூடுதலாக நூற்று நாற்பத்தேழு, ஆகஸ்ட் கடைசியில் சூளையிலிருந்து வந்தன. அளவு சரியாக இல்லை. உரசிச் சரிசெய்ய வேண்டும். பல்கலைக்கழகப் பட்டறையில் முதல் மூன்றையும் உடைத்துவிட்டு, இது எங்களால் ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றி மலைக்குக் கொண்டுவந்தேன்.

அப்பா ஒரு வில்லையை விரலிடுக்கில் வைத்து உருட்டினார். நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"இது பொசுக்குன்னு உடையுற சாதி. கல்ல மாத்தணும்."

கொழுந்து வெட்டும் கத்திரிகளுக்குக் கடைசிக் கூர் போட அவரிடம் ஒரு மெல்லிய கல் இருந்தது. அதைக் காலால் மிதித்து மெதுவாகச் சுற்றி, வேலை முடிந்த பின் தினமும் இரண்டு மணி நேரம், செப்டம்பர் முழுவதும் உரசினார். நான் மைக்ரோமீட்டர் பிடித்தேன். தண்ணீர் விட்டு உரசக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அந்தச் சூளையில் போதிய சூடு ஏறாததால் வில்லைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் தங்கிவிட்டிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் உறிஞ்சிவிடும். ஈரம் ஏறினால் அதிர்வு மங்கிவிடும். அப்பா அதற்கு மேல் காரணம் கேட்கவில்லை. வியர்வை படக் கூடாதென்று கைக்குத் துணி சுற்றிக்கொண்டார். அந்த மாதத்தில் ஒரு வில்லைகூட உடையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி வேலையில், கல்லை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இது கருவியா, சாமானா?"

இந்தக் கேள்வி எங்கள் தொழிற்சாலையில் அர்த்தமுள்ள கேள்வி. ஆயுத பூசையன்று எந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் பொட்டு வைப்பார்கள். சுத்தியல், ஸ்பேனர், வைஸ், தராசு, தோட்டத்து லோரி எல்லாவற்றுக்கும் உண்டு. தேயிலைக்குக் கிடையாது. அரைபட்டு உலர்ந்து மூட்டையில் ஏறுவது சாமான்; அதைச் செய்வது கருவி. கருவி என்றால் மரியாதை செய்ய வேண்டும். சாமான் என்றால் சுத்தமாக வைத்திருந்தால் போதும்.

நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. என் ஆராய்ச்சியின் மொத்தச் சாரத்தையும் அப்பா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாரே என்ற மகிழ்ச்சியில் இருந்தேன்.

"தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் கருவிதான்பா. எல்லாத்தையும் சேத்து அடுக்கிட்டா சாமானாயிரும்."

"அப்ப இப்போதைக்குக் கருவி" என்று சிரித்துவிட்டு மறுபடியும் கல்லை மிதிக்க ஆரம்பித்தார்.

அக்டோபர் 2, செவ்வாய் மாலை, நூற்று நாற்பத்து நாலாவது வில்லையும் முடிந்தது. ஒவ்வொன்றின் அளவும் நோட்டில் ஏறியது. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டேன். தேயிலை மாதிரி வைக்கும் மரத்தட்டு ஒன்றில் பன்னிரண்டு வரிசையாகப் பரப்பித் தொழிற்சாலைக்குள் இருந்த அப்பாவின் பட்டறை மேசையில் வைத்தேன். இனி அவற்றைத் தெர்மக்கோலில் பதித்துக் கோலாலம்பூர் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் புதன்கிழமை, ஆயுத பூசை. காலையில் தோட்டத்து லோரியில் ஏறி தானா ராத்தா டவுனுக்குப் போனேன். தபால் நிலையத்திலிருந்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, திங்கள் முதல் வியாழன் வரை ஆய்வுக்கூடத்தை எனக்கு ஒதுக்கச் சொன்னேன். பிறகு பிரிஞ்சாங்கில் பூக்கடைக்காரர் ஒருவரிடம் தெர்மக்கோல் பலகைகள் இரண்டு வாங்கினேன். திரும்பும்போது மழை. வழியில் மண் சரிந்து கிடந்தது. லோரி ஒன்றரை மணி நேரம் நின்றது. பூசை ஐந்து மணிக்கு. நான் பட்டறை வாசலில் இறங்கியபோது ஐந்தேகால்.

எல்லா எந்திரங்களும் நின்றிருந்தன. வருடத்தில் அந்த ஒரு மாலைதான் தொழிற்சாலைக்குள் மழைச் சத்தம் கேட்கும். உருட்டும் எந்திரங்களுக்குத் திருநீற்றுப் பட்டை, மாலை. முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். தேயிலையின் பதம் பார்த்துத் தொழிற்சாலையை நடத்தும் டீ மேக்கர் என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "சாமியே டைமுக்கு வந்திருச்சு லா, படிச்ச ஆளு இப்பத்தான் வராரு" என்றார். சிரித்தார்கள். வழி விட்டார்கள்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால், வைஸுக்கும் மைக்ரோமீட்டருக்கும் நடுவில், என் மரத்தட்டு இருந்தது.

ஒவ்வொரு வில்லையின் மேலும் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். வட்டம் பிசகாமல், விளிம்பைத் தொடாமல், பதினொரு வரிசை. கடைசி வரிசை மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்த நிமிடத்தைப் பற்றி நாட்குறிப்பில் எதுவும் இல்லை. ஆனால் எதுவும் மறக்கவில்லை. சந்தனத்தின் ஓரங்களில் பீங்கான் கருத்திருந்தது. ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டைத் தூக்கி வெளியே கொண்டுபோய், அப்போதே துடைத்து, இன்னும் சூடு ஆறாத உலர்த்தும் எந்திரத்தின் மேல் வைத்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். என் கை கொஞ்சம் முன்னால் போனதும் நினைவிருக்கிறது. அப்பா சூடத்தட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் முகம்.

"ஒவ்வொண்ணா வச்சேன்பா. ஒரு மணி நேரம் ஆச்சு."

"நல்லாருக்குப்பா" என்றேன்.

பிறகு கைகூப்பினேன். பூசையில் வைத்த கருவியை விசயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. பட்டறைக் கதவைப் பூட்டிச் சாவியை அப்பா இடுப்பில் செருகிக்கொண்டார். சுண்டல் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அப்பாவே தட்டை எடுத்து என் இரு கையிலும் வைத்தார். தொட்டுக் கும்பிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். அவர் உலர்த்தும் எந்திரத்தைப் பார்க்கப் போனதும் நான் துணியை எடுத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் மஞ்சள் வட்டம். அதன் நடுவில் சிவப்பு. அது மேலே இல்லை, உள்ளே இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் துணியில் வரவில்லை.

தோட்டத்து மருந்தகத்துக்குப் போய்க் காலில் காயம் என்று சொல்லி ஒரு புட்டி ஸ்பிரிட் வாங்கினேன். சாயம் ஸ்பிரிட்டில் கரையும் என்று எங்கேயோ படித்திருந்தேன். கரைந்தது. கரைந்து இன்னும் ஆழமாக இறங்கியது. அரை மணியில் நூற்று முப்பத்திரண்டு வில்லைகளும் ரோசா நிறமாயின. பென்சில் எண்கள் அழிந்தன. அவசரத்தில் செய்த இந்த இரண்டாவது கெடுதலுக்கு அப்பாவைக் காரணம் சொல்ல முடியாது.

உள்ளே போன எண்ணெயும் சாயமும் எரிந்து போக வேண்டுமானால் சூளைச் சூடு வேண்டும். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் கெஞ்சி ஈப்போவுக்குப் போன் போட்டேன். சூளையில் சரக்கு ஏற்றி வாயை அடைத்து நெருப்பும் வைத்தாயிற்று, பதினைந்தாம் தேதிக்கு முன் திறக்க மாட்டோம் என்றார்கள். எனக்குப் பன்னிரண்டாம் தேதி வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாக, நெருப்புக்குத் தேதி தெரியாது என்றார்.

மிஞ்சியது தேயிலை உலர்த்தும் எந்திரம். அதன் சூடு இதற்குப் போதாது என்று தெரியும். தெரிந்தும் போனேன். கொஞ்சமாவது ஈரம் போகட்டும் என்று நினைத்தேன். டீ மேக்கர் தட்டை எட்டிப் பார்த்தார்.

"இது என்னா கிரேடு தம்பி? தொர வந்து கேட்டா என்னன்னு சொல்ல?"

ஈரம் போக வேண்டும், அவசரம் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் அதற்கு மேல் கேலி பேசவில்லை. காய்ந்த இலை விழும் பக்கத்தில் ஒரு வலைத்தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே மூன்று மணி நேரம் நின்றேன். நடுவில் அப்பா வந்தார். வில்லைகளைப் பார்த்தார். மழைக்காலம், ஈரம் ஏறியிருக்கும், அதனால் காயவைக்கிறேன் என்று சொன்னேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"குங்குமம் லேசா ஒட்டியிருக்கு. இருக்கட்டும் விடு, நல்லதுதான்."

வெள்ளிக்கிழமை தாப்பா வழியாகக் கோலாலம்பூர் போனேன். இரண்டு பேருந்திலும் பெட்டி மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்கு போட்டேன். நூற்று முப்பத்திரண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் பாதகமில்லை. அதிர்வு எல்லாவற்றிலும் ஒரே அளவு கீழே இறங்கியிருந்தால், அடுக்கு அங்கே வேலை செய்யும். மங்கலாக இருந்தாலும் ஊசி எந்தப் பக்கம் போகிறது என்பதாவது தெரிந்துவிடும். கெட்டதும் ஒழுங்காகக் கெட்டிருக்க வேண்டும். தாப்பா வரும்வரை அதைத்தான் வேண்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒவ்வொரு வில்லையாகச் சோதித்தேன். பொட்டு இல்லாத பன்னிரண்டும் ஊசிமுனை போலக் கூர்மையாக ஒரே இடத்தில் அதிர்ந்தன. அப்பாவின் உரசல் அப்படி. இரண்டு ஆண்டுகளில் அவ்வளவு ஒற்றுமையான வில்லைகளை நான் பார்த்ததில்லை. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் அதிர்ந்தன. சில கொஞ்சம் கீழே, சில வெகு கீழே, சிலவற்றில் அதிர்வே காணோம். ஒரு பொட்டில் சந்தனம் ஒரு குன்றிமணி கூட, அடுத்ததில் குறைய. ஒரு வில்லையில் துளை அதிகம், ஒன்றில் குறைவு. அடுக்குக்குத் தேவை ஒற்றுமை. உறுமி மேளத்தில் ஆளுக்கொரு தாளம் போட்டால் மேளம் இல்லை, இரைச்சல்தான் இருக்கும்.

இருந்தும் அடுக்கினேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நூற்று நாற்பத்து நான்கையும் எத்தனை விதமாக மாற்றி மாற்றிப் பதித்தேன் என்பது நோட்டில் இருக்கிறது; இருபத்து மூன்று விதம். ஊசி வலப்பக்கமும் போகவில்லை, இடப்பக்கமும் போகவில்லை. நின்ற இடத்தில் நடுங்கியது. வியாழக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, நல்ல பன்னிரண்டை மட்டும் நாலு நாலாக மூன்று அடுக்காக வைத்தேன். பிற்பகல் மூன்றரை மணிக்கு ஊசி இடப்பக்கம் ஒரு மயிரிழை நகர்ந்தது. நான் கேபிளைத் தொட்டாலே அதைவிட அதிகம் நகரும். அதை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கு மட்டும் மறுபடியும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை குழுவில் மூன்று பேர். மேற்பார்வையாளர் ரோசா நிற வில்லை ஒன்றை மேசையில் வைத்தார். மாதிரிகளில் ஏதோ கலந்துவிட்டது என்று அவரே அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். விதியில் ஓர் இடம் இருந்தது. தீயோ வெள்ளமோ திருட்டோ, அல்லது வேறொருவர் செயலாலோ மாதிரிகள் கெட்டிருந்தால் மாணவருக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கொடுக்கலாம். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். என்ன நடந்தது என்பதை என் கையாலேயே எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். வேறொருவர் செயல் என்ற சொற்களை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னதை நான் கவனித்தேன். எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்தேன். என் தந்தை என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதத் தொடங்குவதற்குள் மீதி வாக்கியம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. சமயச் சடங்கு, சந்தனம், சிவப்புப் பொடி. அதைப் படித்துவிட்டு மூன்று பேரில் ஒருவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார். மறுநாள் ஆசிரியர் கேன்டீனில் அது கதையாகும். பிறகு வருடா வருடம் புது மாணவர்களுக்குச் சொல்லப்படும். கைக்குத் துணி சுற்றிக்கொண்டு ஒரு வில்லைகூட உடையாமல் ஒரு மாதம் உரசியவர் அந்தக் கதையில் வரமாட்டார். மேலும், நல்லாருக்குப்பா என்று நான் சொல்லியிருந்தேன். முப்பது பேர் முன்னால் கை நீட்டத் தைரியமில்லாதவன் நான்தான். வேறொருவர் செயல் என்று எப்படி எழுதுவது?

மாதிரிகளைப் பேணியதில் என் கவனக்குறைவு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். லோரி நின்ற நேரத்தைக்கூட நிமிடக் கணக்கில் எழுதி வைக்கிறவன் நான். எழுத்தில் நான் சொன்ன பொய் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதையும் முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. மேற்பார்வையாளர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பதிவு அன்றே ரத்தானது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நூலகத்தில் அறிவியல் இதழ் ஒன்றைப் புரட்டியபோது, பீங்கான் வில்லைகளின் அடுக்கில் அலை பின்னோக்கி நகர்வதை யாரோ எங்கோ அளந்து படம் போட்டிருந்தார்கள். படத்தின் வளைவு எனக்குத் தெரிந்த வளைவுதான். அந்த இதழை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

குழு கூடிய அந்த அக்டோபரிலேயே, தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, வீட்டுக்குப் போனேன். அம்மா அழுதார். அப்பா பட்டறையில் இருந்தார். கத்திரி தீட்டிக்கொண்டிருந்தார். பதிவு போய்விட்டது, இனி திரும்பிப் போக முடியாது என்று சொன்னேன். அவர் கல்லை நிறுத்தவில்லை. அந்தக் கத்திரியை முடித்து, அடுத்ததை எடுத்து, அதையும் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"கடைசி வரிசைக்குச் சந்தனம் பத்தல. தண்ணி படக் கூடாதுன்னியேன்னு பன்னீர்ல கெட்டியா கொழச்சேன், அதான் பத்தாம போச்சு. தானா ராத்தா போயி வாங்கிட்டு வந்திருக்கணும். மழைன்னு சோம்பலா இருந்துட்டேன்."

சந்தனம் பற்றாமல் போனதால்தான் எனக்கு அந்தப் பன்னிரண்டும் மிஞ்சின. அதைச் சொன்னால் மற்ற நூற்று முப்பத்திரண்டையும் சொல்ல வேண்டும்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா."

"பின்ன எதனால?"

"கணக்குல தப்பு பண்ணிட்டேன்பா."

"ஒரு கணக்குக்கா இத்தன வருசம் போச்சு?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கீழே வைத்த கத்திரியை மறுபடியும் எடுத்தார்.

யார் கேட்டாலும் அப்பா இதையே சொன்னார். பையன் கணக்கில் தவறிவிட்டான் என்ற செய்தி தீபாவளி முடிவதற்குள் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1985 சனவரியில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் எனக்குத் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. கொடுத்த பாடம் கணிதம். கொழுந்துக் கூடையோடு வழியில் நிறுத்தி ஓர் அம்மாள் சொன்னார்: "எங்க பயலுக்குக் கணக்கு வரலன்னு அடிச்சிராதீங்க வாத்தியாரே. உங்களுக்கே கோலாலம்பூர்ல வரலயாம்ல." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கேலி எனக்குச் சுமையாக இல்லை. அப்பாவின் தலையிலிருந்து இறக்கி என் தலையில் வைத்துக்கொண்டதாகவே அடுத்த ஆயுத பூசை வரை நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு ஆயுத பூசையன்று பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். மணி மூன்றுகூட ஆகவில்லை. அப்பா காலையிலேயே ஆரம்பித்திருந்தார் என்று டீ மேக்கர் சொன்னார். சரஸ்வதி படத்தடியில் பிரிக்காத சந்தனப் பொட்டலங்கள் நான்கு கிடந்தன. பிரித்தவை இரண்டு. ஸ்பேனர்கள், அரங்கள், துளையிடும் ஊசிகள், டப்பாவில் கிடந்த பழைய போல்ட்டுகள், நட்டுகள், தேய்ந்து தூக்கிப்போட வைத்திருந்த பேரிங்குகள், எண்ணெய்க் குப்பிகளின் மூடிகள் என்று எதையும் அவர் விடவில்லை. தரையில் சாக்கு விரித்து எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, முழங்காலிட்டு, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

என்னைக் கண்டதும் எழுந்திருக்காமலே சொன்னார்.

"வா. எதாச்சும் விட்டுப்போச்சான்னு பாரு. எனக்குக் கண்ணு சரியா தெரியல."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கின் ஓரமாக உட்கார்ந்தேன். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.